சிவப்பின் மேல் நீலம்

என் சக்கரமே என்னை முந்திக்கொண்டு போனது.
ரிவர்ட்டனுக்குத் தெற்கே, எட்டாம் நெடுஞ்சாலையில்
நான் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தேன்,
அது நூறில் போயிருக்கும்.
பள்ளத்தில் ஒருமுறை குதித்து
கனோலாப் பூக்களுக்கு நடுவே வகிடெடுத்துக்கொண்டு
எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது.
பின்னால் படகு ட்ரெய்லர்
தார்ச்சாலையைப் பொறி பறக்க உழுதது.

ஓரெஸ்ட்டைத்தான் திட்டினேன்.
போன வாரம் இரவல் வாங்கியவன் அவன்தான்.
"ஓட்டிய சூடு ஆறுமுன்னே
ஏரிக்குள் இறக்கியிருப்பாய்,
பேரிங் தண்ணீர் குடித்திருக்கும்,
உனக்கென்ன, வண்டியா வாகனமா!"
போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
மறுநாள் தபால்பெட்டியில் ஒரு காசோலை.
முந்நூற்று நாற்பது டாலர்.
குறிப்பெழுதும் கோட்டில்
'சக்கரம்' என்று ஒரே சொல்.

கூட்டுறவுக் கடையில் பதினோரு வகைக் கிரீஸ்.
பதினொன்றின் முதுகிலும் ஒரே வாக்குறுதி:
அனைத்துக்கும் ஏற்றது.
அதுதான் வேண்டும் என்றேன் நான்.
ஒரே கிரீஸ், ஒரே துப்பாக்கி,
பிக்கப்பின் மூட்டுகளுக்கு, தானிய ட்ரெய்லருக்கு,
படகுக்கு, ஜனவரியில்
உறைந்த ஏரிமேல் வலை ஏற்றிப் போகும் வண்டிக்கு.

கல்லாவில் லுபோவ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"அனைத்துக்கும் என்றால்,
உன்னுடைய அனைத்து எது?
மைனஸ் நாற்பதா? பிரேக் தட்டின் சூடா?
நாளுக்கு இரண்டு முறை ஏரியில் குளியலா?
தண்ணீரில் ஒட்டி நிற்பது
குளிரில் மெழுகாய் இறுகும்.
குளிரில் இளகுவது
ஜூலையில் உன்னைக் கேட்காமல் கிளம்பிவிடும்.
எதை விட்டுக்கொடுக்கிறாய், அதைச் சொல் முதலில்."

பனிவண்டியை விட்டுக்கொடுத்தேன்.
அதற்குத் தனியாக ஒரு குழாய், போகட்டும்.

"சிவப்பா, நீலமா?" என்றேன்.
"லிப்ஸ்டிக்கா வாங்குகிறாய்?
நிறம் வெறும் சாயம்.
உள்ளே எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது எது என்று பார்.
இது லித்தியம். இது பாலியூரியா.
இரண்டும் நல்லவை, தனித்தனியாக.
ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றினாயோ
இரண்டும் பிடியை விட்டுவிடும்,
கஞ்சியாய் ஓடும்."

கால்சியம் சல்ஃபோனேட், விலை இரண்டு மடங்கு.
பச்சையாக இருந்தது. அதுவும் சாயம்தான்.

கழன்று போனது இடது சக்கரம்.
வலது இன்னும் இருந்தது.
மூடியைத் தட்டிக் கழற்றினேன்.
பழுப்பாய் வழிந்தது கை நிறைய.
விளிம்பில் கொஞ்சம் சிவப்பு.
அதற்குள், பல் இடுக்கில் கீரை மாதிரி,
ஒரு நீல இழை.

ஏப்ரல் மாதம்.
சிவப்புக் குழாய் பாதியில் தீர்ந்துபோனது.
அலமாரியில் நீலம் இருந்தது.
கிரீஸ் என்றால் கிரீஸ்தானே என்று
நான்தான், இந்தக் கையால்தான்,
பன்னிரண்டு அழுத்து அழுத்தினேன்.
ஓரெஸ்ட் கொட்டகையில் நீலமே கிடையாது.

பச்சையைத் தேர்ந்தெடுக்கக் கால் மணி நேரம்.
பழையதைக் கழுவி எடுக்க இரண்டு மாலைகள்.
மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி,
உருளை உருளையாக.
கழுவிவிட்டேன் என்று நினைத்துத் துணியில் துடைத்தால்
துணியில் மறுபடி பழுப்பு.
காசோலை மேசை மேலேயே கிடந்தது.
அதன் மூலையில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது,
ரேகை தெரிய.

மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.
"நீலம் என்னுடையது" என்றேன்.
அவனுக்கு என்ன புரிந்திருக்கும்?
முதலிலிருந்து சொன்னேன், ஏப்ரலிலிருந்து.
வெகுநேரம் மூச்சு மட்டும்.
பிறகு,

"அந்தச் சக்கரம் கிடைத்ததா?"

"இல்லை. கனோலா இடுப்பளவு நிற்கிறது."

"அறுவடை இயந்திரம் இறங்குமுன் எடுத்தாக வேண்டும்.
கத்தியில் மாட்டினால்
உன் காசோலையும் பத்தாது, என் காசோலையும் பத்தாது.
சனிக்கிழமை வருகிறேன்.
நீ தெற்கு ஓரத்திலிருந்து நட."