கடைசியாகக் கண்டது

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையின்
கணினிச் சொத்துப் பதிவில்
ஆயிரத்து இருநூற்றுப் பதினாறு வரிகள்.
நேரில் எண்ணினால் எழுநூறு தேறாது.

மீதியை அழிக்கத்தான் என்னை அனுப்பினார்கள்.
பெங்களூரிலிருந்து விதியும் வந்தது:
தொண்ணூறு நாள் குரல் கொடுக்காதது
செத்தது.

தை மாதம் முழுக்க ஸ்கேனரோடு நடந்தேன்.
ஒரே பிரிண்டர் மூன்று பெயரில்,
மூன்று மாடியில். ஆலைக்கு மாடியே கிடையாது.
எப்போதோ வேலையை விட்ட கோவிந்தப்பன் கணக்கில்
இன்னும் இரண்டு லேப்டாப்.
சொத்து எண் 0388
பாய்லர் சின்னராஜின் டிபன் கேரியரில் ஒட்டியிருந்தது.
"மூணு வருசமா கழுவுறேன் மேடம், உரியவே இல்ல."

குளிர் அறைக்கு மேலே
குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில்
பதிவிலேயே இல்லாத ஒரு ஸ்விட்ச்
பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
யார் வைத்தது? தெரியாது.
பிடுங்கிப் பார்த்தால் யார் கத்துகிறார்கள் என்று
தெரிந்துவிடும் என்றார் மேலாளர்.
நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

மாசி பிறக்குமுன் நானூற்று முப்பது வரிகள் போயின.
தலைமையகத்தில் ஒருவர்
கைதட்டும் பொம்மை அனுப்பினார்.

வைகாசிக் கடைசி.
சந்தூரிலிருந்தும் போச்சம்பள்ளியிலிருந்தும்
பெங்களூரா பழம் லாரி லாரியாக.
(பெயர்தான் பெங்களூரா.
அந்த ஊர் விதி அதற்குத் தெரியாது.)

எடைமேடை அறையில் முனிவேல்
கணினியின் உறையை உருவினான், தூசி ஊதினான்,
பொத்தானை அமுக்கினான்.
அது எழுந்து தன் பெயரைச் சொன்னது.
அப்படி யாரும் இல்லை என்றது நெட்வொர்க்.

நாற்பத்தொரு லாரி.
கடைசி லாரி டீக்கடையைத் தாண்டி நின்றது.
தார்ப்பாயின் அடியிலிருந்து
சாறு சொட்டத் தொடங்கியிருந்தது.
முனிவேல் எடையை நோட்டில் எழுதினான்.
என்னைத் திட்டவில்லை. நிமிராமல் கேட்டான்:
"சீசன் முடிஞ்சா நானும் இங்க இல்ல.
என் பேரு அதுல இருக்கா மேடம்?"

தேடிப் பார்த்தேன்.
யாரும் அழிக்கவில்லை.
யாரும் எழுதியிருக்கவும் இல்லை.

இரவு பேக்கப்பிலிருந்து ஒரு வரியை மீட்டேன்.
கடைசியாகக் கண்டது: போன ஆடி.
'பருவம்' என்று ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும் என
பெங்களூருக்கு எழுதினேன்.
டிக்கெட் எண் வந்தது. கீழே சின்ன எழுத்தில்:
முப்பது நாள் அசைவில்லையேல் தானாக மூடப்படும்.

இருபத்தொன்பதாம் நாள்தோறும்
அதில் ஒரு புள்ளி வைத்து அனுப்புகிறேன்.
ஒரே ஒரு புள்ளி.