புள்ளி

படிவத்தில் கடைசிக் கட்டம்:
'ஊரின் இருப்பிடம். வரைபடத்தில் ஒரு புள்ளி இடுக.'
பென்சில் கூராகத்தான் இருந்தது.

பீர்ஜந்திலிருந்து ஏழு மணி நேரம்.
அதில் பின்னிரண்டு மணி நேரம் பாதை என்பது
முன்னால் போன யாரோ ஒருவரின் சக்கரத் தடம்.
வடக்கே மொட்டை மலை, தெற்கே உப்பு வெளி,
நடுவில் சங்காப்.
முப்பத்தொரு பேர், பதினோரு அடுப்பு,
மாதுளை நாற்பது.
ஆட்டுக் கணக்கை மட்டும் யாரும் சொல்லவில்லை,
வரி வரும் என்று பயம்.

"எந்தச் சங்காப்?" என்றாள் பெமானி.
நான்கு இருக்கிறதாம்.

மலையின் காலடியில் முதலாவது.
அங்கே இப்போது ஒரு சுவர்,
சுவரில் ஒரு விளக்கு மாடம், மாடத்தில் கரி.
மலைத்தண்ணீர் மண்ணுக்கடியில் சுரங்கமாக நடந்து வரும்.
கனாத் என்கிறார்கள்.
ஊற்று ஓராள் ஆழம் இறங்கினால்
சுரங்கத்தையும் தாழ வெட்ட வேண்டும்;
வாய் சரிவில் வெகு கீழே போய்த் திறக்கும்.
தண்ணீர் எங்கே வெயிலைப் பார்க்கிறதோ அங்கே ஊர்.
கதவுகளைப் பெயர்த்துக்கொண்டு இறங்கினார்கள்.
மண்ணுக்குப் பஞ்சமில்லை, மரத்துக்குத்தான்.

இரண்டாவதைக் குதிரைக்காரர்கள் எரித்தார்கள்.
எந்த வருஷம் என்று கேட்டேன்.
பெமானி தன் வீட்டுக் கதவைச் சாத்திக் காட்டினாள்.
ஒரு விளிம்பு முழுக்கக் கருகல்.
இந்தக் கதவு நான்கு ஊரையும் பார்த்திருக்கிறது.

மூன்றாவதுக்கு ஒரு கான் இருந்தார்,
மஷ்ஹதில்.
விளைச்சலில் மூன்றுக்கு இரண்டு அவருக்கு.
ஊருக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.
நிலம் நடுங்கிய அன்று குங்குமப்பூப் பருவம்;
வெயில் ஏறினால் பூ வாடும் என்று
இருட்டோடு வயலுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள்.
காய்ச்சல்காரர்களும்
முந்தின நாள் கல்யாணமான இருவரும்
வீட்டில் இருந்தார்கள்.

ஊர் இறங்க இறங்க
இடுகாடு மட்டும் மேலேயே நின்றுவிட்டது.
ஒவ்வொரு தலைமுறைப் பிணத்துக்கும் ஏற்றம் அதிகம்.
போன மாதம் சஃபர் அலியைத்
தண்ணீர் லாரியில்தான் ஏற்றிப் போனார்கள்,
தொட்டி மேல் கயிறு கட்டி.

"நகராதது அது ஒன்றுதானே,
அங்கே புள்ளி வைத்துவிடட்டுமா?"
"அங்கே இருப்பவர்களை எண்ணுவீர்களா?" என்றாள்.
பதிலுக்கு நான் தேநீரைக் குடித்தேன்.
உப்புக் கரித்தது.

கனாத் வற்றி ஒன்பது வருஷம்.
கீழ்த்திசையில் யாரோ பிஸ்தாவுக்காக
நானூறு அடிக்குக் குழாய் இறக்கினார்கள்.
கெட்டித்த சேற்றில் ஒரு தவளை எலும்பு,
அவ்வளவுதான் வாய்க்கால்.

வியாழன் மதியம் ஜலீலின் லாரி வந்தது.
ஊருக்குள் வராது, திரும்ப இடமில்லை.
சரிவுக்குக் கீழே
பாதை சற்று அகலும் இடத்தில் நின்று ஹாரன் அடித்தது.
நீலப் பீப்பாய், எண்ணெய் டின், அண்டா, கழுதை,
முப்பத்தொரு பேரும் ஒரே இடத்தில்.
காலையில் எல்லோரையும் எண்ண
எனக்கு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அங்கே வைத்தேன் புள்ளியை.

பெமானி தாளை வாங்கிப் பார்த்தாள்.
"ஊருக்கு வெளியே வைத்திருக்கிறீர்கள்."
அழிக்கச் சொல்லவில்லை.
குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு
லாரி திரும்பும் வளைவைத் தாண்டி நடந்தாள்.
அங்கே, வரிசையாக,
காயப்போட்ட மண்கற்கள்.
இருநூறு இருக்கும்.
இன்னும் ஈரம்.
ஒன்றில் ஓர் ஆட்டின் குளம்பு
ஆழமாகப் பதிந்திருந்தது.