ஆயிரத்து நூறு

மேசையில் இரண்டு சேர்ட் கிடந்தன.
இரண்டும் நீலம். இரண்டும் பதினைந்தரைக் கொலர்.
ஒன்று ஆயிரத்து எண்ணூற்றைம்பது, கப்பலில் வந்தது.
மற்றது இரண்டாயிரத்துத் தொளாயிரத்தைம்பது.
"எங்கடை நாட்டுச் சாமான் பிள்ளை,
ஆயிரத்து நூறைப் பாக்காதேங்கோ,
எங்கடை பெட்டையளுக்கு வேலை கிடைக்கிற விசயம்"
என்றார் கடைக்காரச் சிவலோகநாதன்,
காற்றாடியைத் தன் பக்கம் திருப்பியபடி.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் அந்தக் கடை.
சம்பளம் போட்ட சனிக்கிழமை.
திங்கள் காலை வவுனியாவில்
தம்பி டிலக்சனுக்கு வங்கியில் நேர்முகத் தேர்வு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சேர்ட்டை உள்வெளியாய்ப் புரட்டினேன்.
கைப்பழக்கம்.
மற்றவர்கள் பொத்தானைப் பார்ப்பார்கள், நான் அக்குளைப் பார்ப்பேன்:
கையும் உடம்பும் சேருகிற இடம்.
ஆறு வருசமாய் எனக்கு அங்கேதான் சீவியம்.

விலை கூடியதில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல்.
மற்றதில் ஒன்பது.
ஆனால் அந்த ஒன்பதை ஓட்டினவள்
முடிக்கிற இடத்தில்
ஊசியை இரண்டு தரம் பின்னுக்கு எடுத்திருக்கிறாள்.
யாரும் கேட்காத இரண்டு தையல்.
டார்கெட் பலகை தலைக்கு மேல் எரியேக்க
அந்த ஒரு வினாடியை எங்கேயிருந்து களவெடுத்தாளோ,
எந்த ஊர்க்காரியோ.

எங்கள் லைனில் ஒரு நாளைக்கு அறுநூற்று இருபது.
என் நாள்கூலியை அதால் பிரித்தால்
ஒரு சேர்ட்டில் எனக்கு இரண்டு ரூபாய், சில சதம் குறைய.
நாற்பது பேரையும் கூட்டினால் எண்பது.
சுப்பவைசர் பிரதீபா அக்கா கொஞ்சம் கூட எடுப்பா,
நூறென்றே வைப்போம்.
அப்போ அந்த மிச்ச ஆயிரம்
எந்த பஸ்ஸில் ஏறி எந்த ஊருக்குப் போகுது?
துணி, நூல், கரண்ட், லொறி, வரி என்று
அவர் விரல் மடக்குவார், தெரியும்.
கடைக்கு வாடகை அவரும் கட்டுகிறார்தான்.

இன்னொன்றும் இருக்கிறது.
நாங்கள் தைப்பது இந்த மேசைக்கு வராது.
பெட்டியில் ஏறிக் குளிர்நாட்டுக்குப் போகும்.
அங்கே ஒரு மேசையில் அது மலிந்த சேர்ட்.
அங்கேயும் ஒரு சிவலோகநாதன் நின்று
எங்கடை நாட்டுச் சாமானை வாங்குங்கோ என்பார்.
அந்தச் சனம் கேட்டு நடந்ததோ என்னவோ,
போன பங்குனியில் ஓடர் இல்லை என்று
மூன்று லைனை மூடினார்கள்.
பக்கத்து மெஷின் யசோதினி குவைத்துக்குப் போனாள்.
அவளுடைய கதிரையில் இருந்த குஷன்
இப்போது என் கதிரையில்.

முகாமில் எங்களுக்கு உடுப்பு மூட்டையாய் வந்தது.
எனக்கு எட்டு வயது. கிடைத்தது
யாரோ பெரியவரின் கோடுபோட்ட பனியன், முழங்கால் வரை.
எங்கே தைத்தது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.
அளவையும் கேட்கவில்லை.

"இருநூறு குறையுங்கோ" என்றேன்
நாட்டுச் சேர்ட்டைத் தொட்டு.
"குறைச்சா அந்தப் பெட்டையளுக்கு என்ன மிஞ்சும்?"

காசை எண்ணிக் கொடுக்கும்போது
என் பாவாடையில் ஒட்டியிருந்த வெள்ளை நூல்
மேசை விளிம்பில் விழுந்தது.
அவர் நூலைப் பார்த்தார்.
பிறகு ஊசி ஏறிக் கறுத்த என் பெருவிரலைப் பார்த்தார்.
காற்றாடி மட்டும் சத்தம் போட்டது.
ஐம்பது ரூபாய்த் தாளொன்றை
என் பக்கம் தள்ளிவைத்தார்.
கழிவா, கூலியா, நான் கேட்கவில்லை.
எடுத்துக்கொண்டேன்.

ஏன் அதை வாங்கினேன் என்று பஸ்ஸில் யோசித்தேன்.
பன்னிரண்டு தையலுக்காக என்று பாதி நம்பினேன்.
மற்றவள் பின்னுக்கு எடுத்த இரண்டும்
பரந்தன் தாண்டியும் கண்ணுக்குள் நின்றன.

வீட்டில் தம்பி போட்டுப் பார்த்தான்.
கண்ணாடிக்கு முன்னால் ஒருதரம் திரும்பினான்.
"நல்லாயிருக்கு அக்கா,
வெளிநாட்டுச் சாமான் மாதிரி."

"கையைத் தூக்கு" என்றேன்.
தூக்கினான்.
எங்கும் இழுக்கவில்லை.