பிடித்தவர்

எனக்குச் சம்பளம் பைப்புழு எண்ணுவதற்கு.
பத்து மரத்துக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு மட்டை,
மட்டைக்கு இத்தனை என்று எழுதி
நாலு மணிக்குக் கிராணி மேசையில் வைத்தால் முடிந்தது.
சிலந்தி அந்தக் கணக்கில் இல்லை.

ஆனாலும் ஒன்பதாம் காட்டில்
லாலான் நுனி ஒன்று மடிந்திருந்தது,
காற்று மடிக்காத மடிப்பு.
கச்சாங் பூத்தே பொட்டலம் மாதிரி
மூன்று மடி, ஓரம் வெள்ளையாய் ஒட்டி.
பிரித்தேன்.
உள்ளே வைக்கோல் நிறத்தில் ஒருத்தி,
தாடை மட்டும் கறுப்பு,
முட்டைகளின் மேல் நின்றாள்.
ஓடவில்லை. கட்டைவிரலில் கடித்தாள்.
இரண்டு நாள் புழுக்களை
இடது கையால் எழுதினேன்.
என் ஏழுகளைக் கிராணி ஒன்றுகளாய்ப் படித்தார்.

பைச் சிலந்தி என்றார் சியூ லிங்,
ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர்.
வலை பின்னாது. பகலெல்லாம் பைக்குள்,
இரவில் நடந்து வேட்டை.
எந்த இனம் என்று முகம் பார்த்துச் சொல்ல முடியாதாம்.
எட்டுக் கண், இரண்டு வரிசை, அது பலதுக்கும் உண்டு.
பெண்ணென்றால் அடிவயிற்றில் ஒரு சிறு தகடு;
லென்சுக்கடியில் அதன் பள்ளமும் சுருளும்தான் பெயர்.
வயதுக்கு வராததற்குப் பெயர் கிடையாது.
என் முதல் பதினொரு குப்பிகளில்
ஏழு பெயரில்லாமல் திரும்பின.

சீட்டு எழுதப் பழகினேன்.
நகத்தளவு தாள். பென்சில்தான்,
மை சாராயத்தில் கரைந்துவிடும்.
இடம், தேதி, எந்தச் செடி, பிடித்தவர்.
இடத்தில்தான் கை நின்றது.
கம்பெனிப் பலகையில் லாடாங் ஸ்ரீ மக்மோர்,
பழைய ரசீதில் ஸ்ட்ராத்வேல்,
நாங்கள் சொல்வது கறுப்பாற்றுத் தோட்டம்.
கைப்பேசி தந்த எண்களை எழுதினேன், நாலு தசமம் வரை.
எண்ணுக்கு யாரும் பெயர் மாற்றவில்லை,
இன்னும்.

மழை விட்டதும் வரைபடம் வந்தது.
முப்பத்து நாலு சிவப்புப் புள்ளி.
லங்காப் பஸ் நிலையத்தின் பின்வேலியில் ஒன்று,
ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்ட நாள்.
கோயிலுக்குப் பின்னால் மூன்று, தீமிதி அன்று.
பார்க்கப் பார்க்க உறைத்தது:
இது சிலந்தி இருக்கும் இடமல்ல,
என் செருப்பு போன இடம்.
ஆற்றோடு புள்ளிகள் நின்றுவிட்டன.
அக்கரை வேறு கம்பெனி. காவல் சாவடி, நாய்.
சிலந்திக்கு ஆறு ஒரு பொருட்டா?
குஞ்சுகள் நூலை விட்டுக் காற்றில் போகும்.

பலகைப் பாலத்துக்கு மீன் பிடிக்க வரும் ரொபியுல்
அக்கரையில் குலை வெட்டுகிறவன்.
என் மலாயும் நொண்டி, அவன் மலாயும் நொண்டி.
மடிந்த இலையை மணலில் வரைந்து காட்டினேன்.
அடுத்த ஞாயிறு தீப்பெட்டியில் கொண்டுவந்தான்.
வயதுக்கு வந்த பெண். தூண்டில்காரன்
விரலில் கடியே இல்லை.
எந்தக் காடு? சொன்னான்.
என்றைக்கு? சொன்னான்.
பெயருக்குப் பென்சிலைத் திருப்பியதும்
தீப்பெட்டியைத் திரும்பக் கேட்பவன்போல் கை நீட்டினான்.
ஜாங்கான் துலிஸ். எழுத வேண்டாம்.
பெர்மிட் முடிந்து ஐந்து மாதமாம்.

என் பெயரைப் போட்டால் பொய்.
கோடு ஒன்று போட்டு அனுப்பினேன்.

சியூ லிங் போன் செய்தார்.
அதே இனம்தான், தகடு சரி, சுருள் சரி,
முப்பத்தைந்தாவது புள்ளி, அக்கரையில் முதலாவது.
ஒன்று மட்டும்,
பிடித்தவர் பெயரை மறந்துவிட்டீர்களே.

மறக்கவில்லை என்றேன்.