இருபத்தைந்து அடி

பதினாறு வருஷமாக க்ளீவ்லாண்ட் நகராட்சிக்குப்
புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறேன்.
பெல்லமி ஓடையின் இரு கரையும்
என் சக்கரத்துக்கு மனப்பாடம்.
தண்ணீர் விளிம்புவரை வெட்டிவிட்டுத்
திரும்பிப் பார்த்தால்
சவரம் செய்த தாடைபோல் இருக்கும்.
அதற்குத்தான் சம்பளம்.

மார்ச்சில் ஒரு தாள் வந்தது:
ஓடையிலிருந்து இருபத்தைந்து அடிக்குக்
கத்தியை இறக்காதே.
வேலை செய்யாமலிருக்க
எழுத்தில் உத்தரவு
அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

பனி முழுசாகக் கரையாத சனிக்கிழமை
லூத்மிலா ஹ்ரிட்ஸ் வந்தாள்.
பல் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுபவள்.
பின்னால் பதினோரு பேர், இரண்டு நாய்.
மூடிப்போன டயர் கடைக்குப் பின்னால்
ஓடைக்குள் இறங்கி இழுத்துப் போட்டார்கள்:
சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி நான்கு,
ஒரு கார்க் கதவு,
உள்ளே சேறு குடிவந்த மைக்ரோவேவ்.
நாட்வீட் புதரை வேரோடு தோண்டி
கறுப்புப் பையில் கட்டினார்கள்.
விரல்நகம் அளவு விட்டுப்போனாலும்
திரும்பி வந்துவிடுமாம்.

பிறகு குச்சிகள்.
இலையில்லை, வேரில்லை,
கட்டைவிரல் தடிமனில் வெறும் வில்லோக் குச்சிகள்,
நடுவே சில சிவப்பு டாக்வுட்.
ஒரு முனையைச் சாய்வாய்ச் சீவி
ரப்பர் சுத்தியலால் கரையில் அடித்தார்கள்.
"எது மேல், எது கீழ்?" என்றேன்.
"மொட்டு வானத்தைப் பார்க்கணும், ப்ராட்நாக்ஸ்.
தலைகீழாய் நட்டாலும் சிலது முளைக்கும்.
கோபித்துக்கொண்டே முளைக்கும்."

மே மாதம்
எதிர்வீட்டு டெல்பர்ட் ஓஷ் புகார் கொடுத்தார்.
பாம்பு வரும், எலி வரும்,
வீட்டு விலை போகும்.
நானும் மனசுக்குள் கையெழுத்துப் போட்டேன்.
கோரையும் களையும் எனக்கு ஒன்றுதான் அப்போது.

ஜூன் ஒன்பது.
யார்மேலும் பழி போட மாட்டேன்,
வண்டியில் இருந்தது நான்தான்.
ராத்திரி மழையில்
மஞ்சள் கொடிகள் சாய்ந்து கிடந்தன.
பதினாறு வருஷப் பழக்கம்
என் கையைப் பிடித்து ஓட்டியது.
முப்பது கஜம் போனபிறகு
கத்தியின் சத்தம் மாறியது.
புல் அறுபடும் சத்தமில்லை,
பென்சில் சீவும் சத்தம்.

நானே போன் செய்தேன்.
ஆபீஸ் செருப்போடு வந்தாள்.
குனிந்து குனிந்து எண்ணினாள்:
நாற்பத்தொன்று.
திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.
அவள் ஒரு அடிக்கட்டையைப்
பல்லைப்போல் ஆட்டிப் பார்த்தாள்.
அசையவில்லை.
"உன் கத்தி இதுவரை வராது" என்று
மண்ணைக் காட்டினாள்.

ஆகஸ்டில்
ஒரு குச்சி நின்ற இடத்தில் ஐந்து, ஆறு.
என் உயரத்துக்கு வந்துவிட்டன.
நான் செய்த நன்மை என்று
டெப்போவில் சிரிக்கிறார்கள்.
பதினான்கு முளைக்கவேயில்லை.
அந்த இடங்கள் எனக்குத் தெரியும்.

மழை பெய்தால் இன்னும்
நெடுஞ்சாலை எண்ணெய் வானவில்லாய் வருகிறது.
கரை மட்டும் முன்போலச் சரிந்து விழுவதில்லை.
ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில்
கல்லொன்றைப் புரட்டினேன்.
அடியில் அரிசி நீளத்தில் ஒரு புழு,
மணலை ஒட்டி ஒட்டித் தனக்கு வீடு கட்டியிருந்தது.
சுவரில் பச்சை பீர் பாட்டில் துணுக்கு ஒன்று,
ஜன்னல்போல.
கல்லை இருந்தபடியே வைத்தேன்.

குளிர்காலத்தில் எனக்கு வேறு வண்டி.
ராத்திரி முழுக்கச் சாலையில் உப்புத் தூவுகிறேன்.
அந்த உப்பு எங்கே போகும் என்று
இப்போது தெரியும்.
பாலம்தான் முதலில் உறையும்,
அங்கேதான் அதிகம் போடணும்.
போன வருஷம் அங்கே ஒரு பெண்
காரோடு சறுக்கிச் செத்தாள்.

போடுகிறேன்.

விளக்கு வெளிச்சம் கரையில் திரும்பும்போது
சிவப்பு டாக்வுட் குச்சிகள்
பனிக்குள் நிற்கின்றன.
மஞ்சள் கொடி இல்லாமலே
இருபத்தைந்து அடி எதுவரை என்று
தெரிகிறது.