மதிப்பு: இல்லை

நானூற்றுப் பத்து கிராம், உறையோடு சேர்த்து.
அனுப்பியவர்: ரோமில் ஒரு மடம்.
பெறுபவர்: ஃப்ளோரஸ் தீவில் ஒரு குருமடம்.
மதிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று
யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள்.
மனித எச்சமா என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டிருந்தார்கள்.

அங்கே எரிமலை சாம்பல் கக்குவதால்
விமானம் இல்லை. நான்கு இரவு
சாங்கி சரக்குக் கிடங்கில்
குளிரறை மூன்று, அடுக்கு ஏழில் இருந்தார்
புனித ஹெதரிக், அல்லது அவருடைய
வலக்கைச் சுட்டுவிரலின் நடுக்கணு.
ஒரு பக்கம் நார்வே சால்மன்.
மறுபக்கம் தடுப்பூசி.

பெட்டியில் ஒட்டியிருந்த தாளில்
அவர் வாழ்க்கை பத்தே வரி.
கண்ணாடியைக் கழற்றி
மூக்கருகே வைத்துப் படித்தேன்.

நாணல் மண்டிய சதுப்பில்
கல்லடுக்கி ஓர் அறை. ஒரு சன்னல்.
ஆள் நுழையாது, கிண்ணம் நுழையும்.
முப்பத்தொரு வருஷம்.
பல்வலி என்று வந்தார்கள்.
மழை இல்லை என்று வந்தார்கள்.
மாட்டைக் காணோம் என்றும்.
அவர் சதுப்புக்குள் இன்னும் உள்ளே போய்
இன்னோர் அறை கட்டினார்.
அங்கேயும் பலகை போட்டுப் பாதை செய்து
வந்து சேர்ந்தார்கள்.
கடைசி வரி இது:
அவர் செய்ததாகச் சொல்லப்படும் புதுமை ஒன்றே.
வீட்டுக்குப் போங்கள் என்றார். போனார்கள்.

சிரித்துவிட்டேன்.
குளிரறையில் சிரித்தால் வாயிலிருந்து புகை வரும்.
வழியைக் காட்டிய விரல் இதுதானோ என்னவோ.

யீஷூனில் எங்கள் வீடு மூன்றறை, ஏழு பேர்.
பகலில் தூங்குகிறவள் நான் ஒருத்தி.
குளியலறைக் கதவைத் தாழிட்டால்தான்
எனக்கென்று ஒரு சன்னல்.
அதையும் தட்டுவார்கள்:
பிலோ, ரிமோட்டை எங்கே வச்சே?
கேட்க எனக்கு நிறையவே இருந்தது.
கேட்கவில்லை.
முகவரிச் சீட்டு சுவரைப் பார்க்கும்படி
பெட்டியைத் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் இரவு செய்தி கசிந்தது.
விரலாமே. எண்ணூறு வருஷமாமே.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரோஸ்லான்,
ஆவணப் பிரிவு சியூ லிங், அவள் மேலதிகாரி,
துப்புரவுக்கு வரும் இரண்டு பேர்,
எல்லோர் கையிலும் கைப்பேசி.
சரக்குச் சீட்டின் கடைசி நான்கு இலக்கத்தை
ஒருவர் ஃபோர் டி வாங்கக் குறித்துக்கொண்டார்.
கதவு திறந்தே கிடக்க
மஞ்சள் விளக்கு மின்னி மின்னி
நான்கு டிகிரி, ஐந்து, ஐந்தரை.

"போங்கப்பா" என்றேன்.
தமிழிலேயே வந்துவிட்டது.
அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது.
போனார்கள்.

கதவு மூடியபின்
இயந்திரத்தின் இரைச்சல் மட்டும்.
அடுக்கு ஏழின் பக்கம் நான் திரும்பவில்லை.
ஐந்தரை, ஐந்து, நான்கு என்று
எண் இறங்கும் வரை நின்றேன்.
அதற்குப் பிறகும் கொஞ்சம் நின்றேன்.
அப்புறம்தான் உறைத்தது,
சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று.
விளக்கை அணைத்துவிட்டு
நானும் போனேன்.