மூன்றாவது கட்டம்

பிப்ரவரியில் மொன்றியாலின் வெர்டன் பக்கம்
வளைந்து ஏறும் இரும்புப் படிகளில் பனி இறுகிக் கிடக்கும்.
பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்துத்தான்
தபால் கொண்டு ஏறுவேன்.
பையில் கனப்பதெல்லாம் தள்ளுபடி விளம்பரங்கள்.
கனமே இல்லாத உறைதான்
ஒரு வீட்டைப் புரட்டிப் போடும்.

4127, இரண்டாம் மாடி, ஒடேத் புஷார்.
பதிவுத் தபால். கையெழுத்து வேண்டும்.
நகக்கண்ணில் மாவு காய்ந்த விரலால் போட்டாள்.
இரவெல்லாம் ரொட்டிக்கூடம்;
பகல்தான் அவளுக்கு ராத்திரி.
நின்ற இடத்திலேயே பிரித்தாள்.
ஜூலை முதல் மாதம் இருநூற்றுப் பத்து டாலர் கூடுதல்.
கீழே இரண்டு கட்டங்கள்:
சம்மதிக்கிறேன்.
காலி செய்கிறேன்.

"பதினோரு வருஷம்" என்றாள், என்னிடமல்ல,
நாடா ஒட்டிக் குளிரை நிறுத்தியிருந்த ஜன்னலிடம்.
"பதிலே போட மாட்டேன். என்ன செய்வார்கள், பார்ப்போம்."

தபால்காரன் கொடுப்பது கடிதம், கருத்தல்ல.
தெரியும்.
ஆனால் போன வருஷம் எனக்கும் வந்தது
இதே உறை, இதே இரண்டு கட்டங்கள்.
நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.
மாதம் ஒன்று கழிந்ததும்
மௌனம் சம்மதமாகிவிட்டது, சட்டப்படியே.
பேசாமலிருந்த அந்த முப்பது நாளுக்கு
இன்றும் மாதம் நூற்றெண்பது கட்டுகிறேன்.

நாலு படி இறங்கியவன் திரும்பி ஏறினேன்.
"மதாம், இதில் ஒரு கட்டம் குறைகிறது."
"எது?"
"கூடுதலை ஏற்கவில்லை, வீட்டையும் விடவில்லை."
"அப்படி ஒன்று உண்டா?"
"உண்டு. அச்சடிக்கத்தான் மறந்துவிடுகிறார்கள்.
நீங்களே எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள்.
நகல் ஒன்று வையுங்கள், அனுப்பிய ரசீதும்."
"துரத்தினால்?"
"மறுத்ததற்காக முடியாது. தொகை வேண்டுமென்றால்
வாடகை மன்றத்தின் படியை அவர்கள்தான் ஏற வேண்டும்.
அங்கே குறையலாம். குறையாமலும் போகலாம்."

என் பேனாவை வாங்கினாள்.
கதவு நிலையில் காகிதத்தை அழுத்தி
ஒரு கட்டம் வரைந்தாள், கோணலாக.
பேனா திரும்பி வரவில்லை.

ஜூலை ஒன்று. ஊரே வீடு மாறும் நாள்.
நடைபாதையெங்கும் மெத்தைகள்,
படி வளைவில் சிக்கிய ஃபிரிட்ஜுக்கு
மேலே இருவர், கீழே மூவர், எல்லாரும் கத்துகிறார்கள்.
4127-இல் திரை இழுத்து மூடியிருக்கிறது.
மன்றத்தின் தேதி இன்னும் வரவில்லை;
வந்தால் நான்தான் கொண்டு போவேன்.
இன்றைக்கு மின்சாரக் கட்டணம் மட்டும்.
பெட்டி மூடி டங்கென்று விழாமல்
விரல் கொடுத்து மெல்ல இறக்கினேன்.
உள்ளே ஆள் தூங்குகிறாள்.